வரிசையில் நின்றவர்கள்

விலா எலும்பு தெரிய நிற்கும் ஒரு மாட்டைத் தெருவில் கண்டால் நமக்கு இரக்கம் வருகிறது. அந்த இரக்கம் மாட்டின் மேல் அதிக நேரம் தங்குவதில்லை. அதன் சொந்தக்காரனைத் தேடிக்கொண்டு போகிறது; போகிற வழியிலேயே கோபமாகிவிடுகிறது. "தீனி போட வக்கில்லாதவன் எதுக்கு மாடு வளர்க்கிறான்?" என்கிறோம். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிடுகிறது. மாடு அங்கேயே நிற்கிறது.

அந்தக் கோபத்தைத் தாண்டி இன்னும் ஓர் அடி எடுத்து வைத்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மரியா டிக்கின். 1870 செப்டம்பர் 22இல் லண்டனில் பிறந்து, 1951 மார்ச் 1இல் அதே நகரத்தில் மறைந்தவர். கால்நடை மருத்துவம் படித்தவர் அல்லர். வெஸ்லியன் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகள். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போவதைக் கௌரவக் குறைவாகக் கருதிய காலத்தில், விம்போல் தெருவில் குரல் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்திச் சொந்தக் காலில் நின்றார். 1899இல் கணக்காளர் அர்னால்டு டிக்கினைத் திருமணம் செய்துகொண்ட பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். வசதிக்குக் குறைவில்லை. பொழுதை நல்ல காரியத்தில் செலவிடலாமே என்று கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போய்வரத் தொடங்கினார். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பெண்கள் பலரும் செய்ததுதான் இது.

மனிதர்களுக்கு உதவப் போன இடத்தில் விலங்குகள் கண்ணில் பட்டன. சொறி பிடித்து உடம்பெல்லாம் ரணமான நாய்கள். ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு சாக்கடையோரம் இரை தேடும் பூனைகள். எலித் தொல்லைக்குப் பூனை, வண்டி இழுக்கக் கழுதை, முட்டைக்குக் கோழி, பாலுக்கு ஆடு என்று கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் ஏதாவது ஓர் உயிரைத் தங்களோடு வைத்திருந்தன. அவற்றுக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் போகப் பணம் இல்லை. அக்காலத்துக் கால்நடை மருத்துவம் பெரும்பாலும் குதிரையை நம்பி வளர்ந்த தொழில். கட்டணம் கொடுக்க முடியாதவருடைய பூனைக்கு அதில் இடம் எங்கே?

விலங்குகளுக்காகச் சட்டமே இல்லாத நாடு அல்ல அது. கால்நடைகளை வதைப்பது குற்றம் என்று 1822இலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. அதற்காகப் போராடியவர் ரிச்சர்டு மார்ட்டின். கழுதையை அடித்த ஒரு தெரு வியாபாரியின் மேல் அவர் வழக்குத் தொடுத்து, அந்தக் கழுதையையே நீதிமன்றத்துக்கு அழைத்து வந்து காயங்களைக் காட்டினார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1824இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. இவையெல்லாம் தேவையானவை, குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தச் சட்டம்தான் வேண்டும். ஆனால் சட்டத்தின் பார்வைக்குக் கை மட்டுமே தெரியும். மடியில் காசில்லாதது தெரியாது. கழுதையின் கால் புண் ஆறும்வரை அதை வேலை வாங்காமல் நிறுத்திவைத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது தெரியாது. அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்பும் வண்டிக்காரன் இன்னும் கொஞ்சம் ஏழையாகிறான். கழுதையின் புண் அப்படியே இருக்கிறது.

மரியா டிக்கின் இந்த இடைவெளியில்தான் கால் வைத்தார். 1917 நவம்பர் 17 அன்று, ஒயிட்சாப்பல் பகுதியில் ஒரு நிலவறையில், ஏழைகளின் நோயுற்ற விலங்குகளுக்கான மருந்தகம் ஒன்றைத் திறந்தார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் பி.டி.எஸ்.ஏ. என்று பின்னாளில் உலகம் அறிந்த அமைப்பு அதுதான். நோயுற்ற விலங்குகளைக் கொண்டு வாருங்கள், அவற்றைத் துன்பப்பட விடாதீர்கள், எல்லா விலங்குகளுக்கும் வைத்தியம் உண்டு, கட்டணம் கிடையாது என்று வாசலில் அறிவிப்பு வைத்தார். அந்த அறிவிப்பு யாரையும் எச்சரிக்கவில்லை, யாரையும் கொடியவர் என்று சொல்லவில்லை.

அது எந்தக் காலம் என்று பாருங்கள். முதல் உலகப் போரின் நான்காம் ஆண்டு. லட்சக்கணக்கானோர் செத்தும் காயப்பட்டும் விழுந்த பாஷெண்டேல் போர் அந்த மாதம் 10ஆம் தேதிதான் முடிந்திருந்தது. ஊரெங்கும் துக்கம், உணவுத் தட்டுப்பாடு. "மனுஷனுக்கே மருந்தில்ல, நாய்க்கு என்ன வைத்தியம்?" என்று நம் ஊரில் கேட்கும் கேள்வியை எந்த ஊரிலும் கேட்டிருப்பார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் விலங்கை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். கழுதை விழுந்தால் வருமானம் விழும் வீட்டில், கழுதைக்கு வைத்தியம் வேறு, மனுஷனுக்கு வைத்தியம் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாது. பூனை செத்தால் எலி பெருகும். எலி பெருகினால் இருக்கிற மாவும் போகும்.

நிலவறை நிரம்பியது. விலங்குகளோடு வந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போய், கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. விரைவிலேயே அந்த இடம் போதாமல் போனது.

டிக்கினின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது இந்த வரிசைதான். ஏழைகள் முரடர்கள், வாயில்லா ஜீவன்களை வதைப்பவர்கள் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் கண்ணெதிரே அந்த ஏழைகள் வந்து நின்றார்கள். கூடையில் பூனையை வைத்துக்கொண்டு, நாயைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, நொண்டும் கழுதையை மெல்ல நடத்திக்கொண்டு. அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு என்ற நிலையில் உள்ளவர்கள், வேலை நேரத்தை விட்டுக் காத்து நின்றார்கள். கொடியவர்கள் இப்படி நிற்பார்களா? இரக்கத்தை யாரும் அவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை. அது அங்கேயே இருந்தது. இரவில் முனகும் நாயின் பக்கத்தில் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தது. போக ஓர் இடம் இல்லாததால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது கல்நெஞ்சம் போலத் தெரிந்தது.

நம் மரபில் இதை யோசித்துப் பார்க்கிறேன். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். புறாவுக்காகத் தன் சதையையே அரிந்து வைத்தான் சிபி. கன்றை இழந்த பசு வந்து மணியை அசைத்தபோது சோழன் நீதி சொன்னான். தலைமுறை தலைமுறையாக நாம் கொண்டாடும் கதைகள், கொண்டாடத்தக்கவை. ஆனால் அந்த மூவருமே கொடுக்க இருந்தவர்கள். பேகனிடம் போர்வை இருந்தது. போர்த்திக்கொள்ளத் தனக்கே துணியில்லாத ஒருவன் அந்த மயிலைக் கண்டிருந்தால்? அவன் நெஞ்சும் பேகனின் நெஞ்சைப் போலவே இளகியிருக்கக் கூடும். மயில் குளிரிலேயே நின்றிருக்கும். அவனைப் பற்றி யாரும் பாடியிருக்க மாட்டார்கள். பார்த்துக்கொண்டு சும்மா போனான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். டிக்கின் மயிலுக்குப் போர்வை தந்ததோடு நிற்கவில்லை. அந்தப் பெயரில்லாதவன் கையில் போர்வையைக் கொடுத்து, நீயே போர்த்து என்றார். கொடுக்க முடியாதவரைக் கொடுப்பவராக்குவது கொடையிலேயே பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன்.

சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வாசலில் காலை வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரிய காரில் வந்திறங்கும் நாய்களும் உண்டு. ஆட்டோவில் ஆட்டைப் படுக்க வைத்துத் தலையை மடியில் ஏந்தி வருபவர்களும் உண்டு. ஒருநாள், நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி வைத்திருந்த இளைஞர் ஒருவர் பக்கத்தில் நின்றேன். கட்டட வேலை செய்பவர்.

"என்ன தம்பி ஆச்சு?"

"பார்வோன்னு சொல்றாங்க சார். மூணு நாளா ஒண்ணும் இறங்கல. வெளிய காட்டினா டெய்லி டிரிப்ஸ் ஏத்தணும்னாங்க. அவ்வளவுக்கு எங்க போறது? இங்க பாப்பாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுச்சு."

பார்வோ வந்த குட்டிக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கண்டு உடம்பில் நீர் வற்றிவிடும். அந்த நச்சுயிரைக் கொல்ல மருந்து கிடையாது. நீர்ச்சத்து குறையாமல் நாள்கணக்கில் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த நாள்கணக்குத்தான் பணம். முன்னதாகவே தடுப்பூசி போட்டிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது என்று நாம் சொல்லலாம். சரியான பேச்சுத்தான். ஆனால் அப்படி ஓர் ஊசி உண்டு என்று அவருக்கு அதுவரை யார் சொன்னார்கள்? அந்தப் பக்கத்து வீட்டு அக்கா இல்லையென்றால் அந்தக் குட்டி வீட்டு மூலையிலேயே செத்திருக்கும். நாய் வளர்க்கத் தெரியாதவர் என்று நாம் ஒரு வாக்கியத்தில் அவரை முடித்திருப்போம்.

கிராமத்தில் இது இன்னும் கடுமை. கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தால் பால் மறித்துப்போகும். பால் சொசைட்டிப் பணம் நின்றுபோகும். கடன் வாங்கி மாடு பிடித்தவருக்கு அடுத்த தவணை எப்படி என்ற கவலை வந்துவிடும். ஆடுகளுக்குக் கழிச்சல் கண்டால் இரண்டு மூன்று நாளில் பட்டியே காலியாகிவிடலாம். அந்த ஆடுகளை வளர்ப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். பிள்ளைகளின் படிப்புக்கும் திருவிழாச் செலவுக்கும் அவர் கையில் இருக்கும் ஒரே சேமிப்பு அந்த ஆடுகள். மருந்தகம் இருக்கும் ஊருக்கு ஆட்டைத் தூக்கிப் போக வண்டி வேண்டும், ஒருநாள் கூலி போகும். "இன்னிக்கு ஒருநாள் பாப்போம்" என்று அவர் தள்ளிப்போடுவது அலட்சியத்தால் அல்ல. எதை விடுவது என்ற கணக்கில் அவருக்கு வேறு வழி கிடைப்பதில்லை.

ஆட்கள் வர முடியாவிட்டால் மருந்தகம் போக வேண்டும் என்பது டிக்கினுக்கு அன்றே தெரிந்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் குதிரை பூட்டிய கூண்டு வண்டி ஒன்றை மருத்துவக் கூடமாக மாற்றி ஊர் ஊராக அனுப்பினார். பிறகு மோட்டார் வண்டிகள் வந்தன. 1928இல் இல்ஃபோர்டில் பெரிய மருத்துவமனை; அங்கேயே ஊழியர்களுக்குப் பயிற்சியும் நடந்தது.

பயிற்சி என்றதும் ஒரு தகராறையும் சொல்லியாக வேண்டும். பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். முறையாகப் படிக்காதவர்கள் கையில் விலங்குகளை ஒப்படைப்பதா என்று கேட்டார்கள். அக்காலச் சட்டம் மருத்துவர் என்ற பட்டத்துக்குத்தான் காவல் போட்டிருந்தது. பட்டம் இல்லாதவர் வைத்தியம் செய்வதைத் தடுக்கவில்லை. அந்த எதிர்ப்பைப் பொறாமை என்று தள்ளிவிட என்னால் முடியாது. அன்பு மட்டும் இருக்கும் கை, எலும்பைத் தவறாகக் கட்டிவிடும். ஆனால் அந்த மருத்துவர்களின் வாசலில் ஏழையின் பூனைக்கு இடம் இல்லாததால்தான் நிலவறை தேவைப்பட்டது என்பதும் உண்மை. இருவர் பக்கமும் நியாயம் இருந்த அந்தச் சண்டை தீர நெடுங்காலம் ஆனது. 1948ஆம் ஆண்டுச் சட்டம், தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்களே வைத்தியம் செய்யலாம் என்று வகுத்தது. அனுபவம் உள்ள டிக்கினின் ஊழியர்கள் தொடர்ந்து பணியாற்றவும் வழி விட்டது. இன்று பி.டி.எஸ்.ஏ. நடத்தும் மருத்துவமனைகளில் பட்டம் பெற்ற மருத்துவர்களே பணியாற்றுகிறார்கள். எதிர்த்தவர்களின் அறிவும் அவர் திறந்த வாசலும் கடைசியில் ஒரே இடத்தில் சேர்ந்தன.

நம் சென்னையிலும் இப்படித்தான். 1959இல் இந்திய புளூ கிராஸைத் தொடங்கிய கேப்டன் சுந்தரமும் உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர்கள். தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டு, கருத்தடை செய்து பெருக்கத்தைக் குறைக்கலாம் என்று அந்த அமைப்பு 1964இலேயே சொன்னது. மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996இல். கடந்து போக மனம் வராதவர்கள்தான் முதலில் கதவைத் திறக்கிறார்கள். பட்டமும் சட்டமும் பிறகு வந்து சேர்கின்றன. முப்பத்திரண்டு ஆண்டு ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பது எளிதல்ல.

டிக்கினின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது பதக்கத்தால். போரில் வீரமோ கடமை தவறாமையோ காட்டிய விலங்குகளுக்காக 1943இல் அவர் ஏற்படுத்திய வெண்கலப் பதக்கம் அது. கடலில் விழுந்த விமானத்திலிருந்து பறந்துபோய்ச் சேர்ந்து வீரர்கள் மீட்கப்படக் காரணமான விங்கி என்ற புறா, முதலில் அதைப் பெற்றவற்றுள் ஒன்று. 1949 வரை 54 விலங்குகள் பெற்றன; அவற்றில் 32 புறாக்கள். அழகான செயல்தான். ஆனாலும் எனக்கு நிலவறையே பெரிது. பதக்கம் பெற்றவை மனிதருக்குப் பயன்பட்டவை. நிலவறைக்கு வந்த நாய் யாரையும் காப்பாற்றியதில்லை. அதற்கு வலித்தது, அது போதுமான காரணமாக இருந்தது.

இந்த வரலாற்றில் ஒரு வாரத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1939 செப்டம்பர். ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்த வாரம். விலங்குகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்று அரசுசார் குழு ஒன்று முன்னமே துண்டறிக்கை வெளியிட்டிருந்தது. லண்டன் மக்கள் தங்கள் நாய்களையும் பூனைகளையும் தூக்கிக்கொண்டு விலங்கு மருந்தகங்களின் வாசலில் வரிசையில் நின்றார்கள். இந்த முறை குணப்படுத்துவதற்காக அல்ல. அந்தச் சில நாள்களில் லண்டனில் மட்டும் நான்கு லட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் எழுதியிருக்கிறார். லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியதோ அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான். குணப்படுத்தப் போட்ட மேசையிலேயே டிக்கினின் ஊழியர்கள் அந்த வேலையையும் செய்ய நேர்ந்தது. அந்த நாள்களின் துயரத்தை அவர்கள் ஒருபோதும் மறக்க மாட்டார்கள் என்று டிக்கின் பின்னர் சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழின் வரிசையில் நின்ற மக்கள் நல்லவர்கள், முப்பத்தொன்பதின் வரிசையில் நின்றவர்கள் கொடியவர்கள் என்று சொல்ல முடியுமா? ஒரே நகரம், ஒரே மக்கள். கையில் இருந்த பூனையின் மேல் இருந்த பாசமும் ஒன்றே. முதல் வரிசைக்கு முன்னால், வைத்தியம் உண்டு, பணம் வேண்டாம் என்ற சொல் இருந்தது. இரண்டாவது வரிசைக்கு முன்னால் பயம் இருந்தது. கொல்வதே கருணை என்ற அச்சடித்த தாள் இருந்தது. மனிதர்கள் விலங்குகளிடம் எப்படி நடக்கிறார்கள் என்பதை அவர்களுடைய நெஞ்சு மட்டும் தீர்மானிப்பதில்லை. எதிரே எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதை உணர்ந்த பிறகு யாரையும் சட்டென்று கொடியவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வேண்டுமென்றே வதைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் நாம் கொடுமை என்று பெயரிடுவதில் பெரும்பகுதி, போக இடமில்லாத பாசம்.

குண்டுவீச்சு வந்தபோது பி.டி.எஸ்.ஏ. மீட்புக் குழுக்கள் இடிபாடுகளுக்குள் இறங்கின. புதைந்தும் காயம்பட்டும் கிடந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு உதவின. வீடிழந்தவர்கள், எல்லாம் போன பிறகும், உள்ளே பூனை இருக்கிறது, பார்த்து எடுங்கள் என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் இதே வேலையில் இருந்து எண்பதாம் வயதில் டிக்கின் மறைந்தார். அவர் தொடங்கிய அமைப்பு நூறாண்டு கடந்து இயங்குகிறது. செலவு செய்ய முடியாதவர்களின் விலங்குகளுக்கு இன்றும் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ வைத்தியம் பார்க்கிறது.

நாம் எல்லோரும் மருத்துவமனை தொடங்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. நம் மாநிலத்தில் அரசுக் கால்நடை மருந்தகங்கள் ஊர்தோறும் பரவியிருக்கின்றன. பலருக்கு அவை எங்கே இருக்கின்றன என்பதே தெரியாது. ஆகவே அடுத்த முறை மெலிந்த மாட்டையோ நொண்டும் குதிரையையோ கண்டால், அதன் சொந்தக்காரரைத் திட்டுவதற்கு முன், "என்னண்ணே ஆச்சு இதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வந்தால் பக்கத்தில் உள்ள மருந்தகத்தைச் சொல்லுங்கள். தூக்கிப் போக முடியாத நிலை என்றால் உங்கள் போனிலிருந்தே கூப்பிடுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962.